பெட்ரோலுக்குப் பன்னீர் தெளித்தவன்

மதுரைப் பக்கம் ஒருவர் காளை வாங்கினால் ஊரே வந்து திமிலைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகும். ஆட்டோ வாங்கினால் பின்சீட்டில் உட்கார்ந்து ஆட்டிப் பார்க்கும். என் சித்தப்பா படகு வாங்கினார். லாரியில் கவிழ்த்துப் போட்டு அவனியாபுரத்துக்குள் கொண்டுவந்த அந்தப் படகைப் பார்த்து, டீக்கடையில் இருந்த ஒருவர் கிளாஸைக் கீழே வைக்காமலே கேட்டார்: "ஏப்பா, வைகைல விட்டா இது மணல்ல ஓடுமா?"

சித்தப்பா அசரவில்லை. அவர் பம்புசெட் மெக்கானிக். ஓடாத எஞ்சினையும் ஓட வைப்பார், ஓடுகிற எஞ்சினையும் நிறுத்திவிடுவார். அந்த வருடம்தான் வெகுகாலத்துக்குப் பிறகு மழை கொட்டி, எங்கள் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. வில்லாபுரத்திலிருந்து மட்டுமல்ல, சிம்மக்கல்லிலிருந்துகூடக் குடும்பம் குடும்பமாக வந்து கரையில் நின்றார்கள். வேறு ஒன்றும் செய்யவில்லை. தண்ணீரைப் பார்த்தார்கள், சுண்டல் தின்றார்கள், போனார்கள்.

"தண்ணியப் பாக்கவே இம்புட்டுக் கூட்டம் வருதுன்னா, தண்ணி மேல போக எம்புட்டுக் கூட்டம் வரும்?" என்று சித்தப்பா கேட்டார். எங்கள் வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. எனக்கு அப்போது எட்டு வயது. எனக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் தெரியும். யாரும் கேட்கத்தான் மாட்டார்கள்.

படகைப் பற்றி நிஜமாகவே பதில் தெரிந்த ஒரே ஆள் அடுப்படியில் இருந்தாள். சித்தி. ராமநாதபுரத்துக்கு அப்பால் கடலோர ஊரில் பிறந்தவள். அவளுடைய அப்பா, அண்ணன் எல்லோருமே படகுக்காரர்கள். ஆவணியில் கல்யாணமாகி வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. என் அப்பா வீட்டுக்கு மூத்தவர் என்பதால் அவர் எதிரில் சித்தி பேசவே மாட்டாள். அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் அம்மாவிடம் சொல்வாள், அம்மா அப்பாவிடம் சொல்வாள். சித்தியின் அண்ணன்தான் அந்தப் படகையும் பழைய பெட்ரோல் எஞ்சினையும் பார்த்து வாங்கிக் கொடுத்தது. அப்படியிருந்தும் சித்தப்பா படகுச் சந்தேகங்களையெல்லாம் டீக்கடையில் போய்த்தான் தீர்த்துக்கொண்டார். கடலைப் படத்தில் மட்டும் பார்த்த பத்துப் பேர் அங்கே தினமும் அவருக்கு யோசனை சொன்னார்கள்.

படகு வந்தது, எஞ்சின் வந்தது, பெட்ரோல் டேங்க் வரவில்லை. படகு எஞ்சினுக்கு டேங்க் தனியாக இருக்கும். கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி, ஒரு டியூபில் இணைக்கிற மாதிரி. பழைய டேங்க் விரிசல் விட்டு ஒழுகியதால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டதாகவும், புதிதாக ஒன்று சொல்லிவைத்திருப்பதாகவும், மாட்டுப் பொங்கல் ராத்திரிக்குள் பஸ்ஸில் போட்டுவிடுவதாகவும் சித்தியின் அண்ணன் தகவல் சொன்னார். ஆனால் சித்தப்பாவோ மாட்டுப் பொங்கல் காலையில் படகு விடுவதாக ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துவிட்டார். முந்தின நாள் எங்கள் ஊரில் ஜல்லிக்கட்டு. அதற்கு வந்த சொந்தக்காரர்கள் ஒருவரும் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். அந்தக் கூட்டத்தை விட அவருக்கு மனசில்லை.

ஆகவே ஒரு சமையல் எண்ணெய்க் கேனை எடுத்தார். சிம்மக்கல் மொத்தக் கடையில் வாங்குகிற வெள்ளைக் கேன், பதினைந்து லிட்டர். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிவார், அவ்வளவு மெல்லிசு. மூடியில் ஓட்டை போட்டு டியூபைச் செருகி, சுற்றிலும் பசையை அப்பினார். தூரத்தில் நின்று அழகு பார்த்தார்.

அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பிரசங்கமே வந்தது. ஐந்து மாதத்தில் சித்தி அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"அக்கா, அந்தக் கேனு வேணாம்னு சொல்லுங்க. பெட்ரோலு வெயில்ல உப்பும், அதுக்கு மூச்சு விட வழி இல்ல. கழுத்து வரைக்கும் ஊத்தக் கூடாது, கொஞ்சம் எடம் விடணும். ஊத்துறதா இருந்தா கரைல எறக்கி வச்சுத்தான் ஊத்தணும். போட்டுக்குள்ள சிந்துச்சுன்னா அந்த ஆவி மேல போகாதுக்கா, அடியிலயே தண்ணி மாதிரி கெடக்கும். ஒரு பொறி போதும்."

அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா சிரித்துவிட்டார். "பெட்ரோலு உப்புமாம்ல. அப்ப பொங்கலுக்குப் பானை எதுக்குடா? ஒன் கேனையே அடுப்புல ஏத்திருவோம்."

சித்தப்பாவும் சிரித்தார். "நான் பதினஞ்சு வருசமா எஞ்சினப் பிரிச்சு மேயுறவன்டி. ஒரு நாளு. ஒரே ஒரு நாளு. அப்பறம் ஒங்க அண்ணன் டேங்கையே வச்சு ஓட்டுறேன், போதுமா?"

 நானும் சிரித்தேன். ஏன் என்று தெரியாது. ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் ஆண்தானே.

மாட்டுப் பொங்கலன்று விடியுமுன்பே பெட்ரோல் பங்கில் கேனைக் கழுத்து வரை, மூடியில் முட்டுகிற அளவுக்கு நிரப்பிக்கொண்டு வந்து படகின் பின்பக்கம் எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் அடிக்கிற நாள் அல்லவா, சித்தப்பா படகின் மூக்குக்கும் சிவப்பும் நீலமும் அடித்திருந்தார். எஞ்சினுக்குச் சலங்கை, சாமந்தி மாலை, நெற்றி என்று அவர் நினைத்த இடத்தில் சந்தனம் குங்குமம். படகுக்குள் சொந்தக்காரர்கள் உட்கார ஜமுக்காளம். கரையில் விடியற்காலையிலேயே பெண்கள் வந்து கோலம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நல்ல நேரம் பத்தரைக்கு. அதுவரை படகைப் பார்த்துக்கொள்ள என்னை உட்கார வைத்தார்கள். வீட்டில் இருந்தால் கரும்பையெல்லாம் தீர்த்துவிடுவேன் என்பதுதான் காரணம். சித்தப்பா மட்டும், "நீதான்டா கேப்டன். எதையும் தொடாத" என்றார்.

தொடாதே என்று சொன்ன பொருளைப் பத்து நிமிடம் தொடாமல் இருந்தது இன்றுவரை என் சாதனை. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. கேன் இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டு, நாயனக்காரர் கன்னம் மாதிரி ஆகிவிட்டது. விரலால் அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. சோடா பாட்டிலைப் பார்த்தால் திறக்கத் தோன்றும் இல்லையா? எனக்கும் தோன்றியது. கொஞ்சம்போலத்தான் மூடியைத் திருகினேன்.

புஸ்ஸென்று முகத்தில் அடித்தது. பயத்தில் துள்ளியதில் கேன் சாய்ந்துவிட்டது. நிமிர்த்தி மூடியை இறுக்குவதற்குள் இரண்டு சொம்பு அளவு பெட்ரோல் படகுக்குள் ஓடி, அடிப்பலகைக்குக் கீழே இறங்கிவிட்டது. துடைக்கத் துணி இல்லை. போட்டிருந்த பொங்கல் சட்டையின் முன்பக்கத்தாலேயே துடைத்தேன். ஜமுக்காளத்தை இழுத்து மேலே மூடினேன். நாற்றம் போகவில்லை. பூஜைச் சாமான் கூடையில் பன்னீர் பாட்டில் இருந்தது. எட்டு வயது மூளை என்றாலும் வேலை செய்தது. முழு பாட்டிலையும் ஜமுக்காளத்தில் பாதி, என் மேல் பாதி என்று ஊற்றித் தீர்த்தேன்.

பத்தரைக்குக் கூட்டம் வந்தது. வந்தவர்களெல்லாம் மூக்கை உறிஞ்சி, "என்னா மாப்ள, கல்யாண வீடு கெணக்கா மணக்குது!" என்று சித்தப்பாவைத் தட்டிக்கொடுத்தார்கள். தான் செய்யாத ஏற்பாட்டுக்குச் சித்தப்பாவும் பெருமையாகத் தலையாட்டினார். கேப்டனாகிய நான் ஓரமாக நின்றேன்.

எங்கள் பக்கம் எந்த வண்டியானாலும் சூடம் காட்டாமல் நகர்த்த மாட்டோம். சைக்கிளுக்கே காட்டுவோம். அதிலும் எஞ்சின் இருக்கிற வண்டி என்றால் எஞ்சினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினால்தான் பூஜை சேரும். தட்டில் சூடத்தைக் கொளுத்தி, மூத்தவர் என்ற முறையில் என் அப்பா எடுத்தார். புது வேட்டி. ஒரு காலைப் படகுக்குள் வைக்கப் போனார்.

பெண்கள் கூட்டத்தில் பின்வரிசையில் நின்ற சித்தியின் முகம் திடீரென்று நிமிர்ந்தது. காற்று அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

"மாமா, நில்லுங்க! உள்ள போகாதீங்க!"

அப்பாவுக்கு அந்தக் குரல் யாருடையது என்றே தெரியவில்லை. ஐந்து மாதமாகக் கதவுக்குப் பின்னால் முணுமுணுத்த குரல்தானே அவருக்குத் தெரியும். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, தட்டோடு குனிந்தார். அடுத்த நொடி, கோலத்தின் நடுவில் மாவிலையும் தேங்காயுமாக இருந்த நிறைகுடம் சித்தியின் கையில் இருந்தது. அதற்கடுத்த நொடி அது முழுக்க அப்பாவின் மேல் இருந்தது. சூடம் அணைந்தது. தேங்காய் உருண்டு கண்மாயில் விழுந்தது. அப்பாவின் காதில் ஒரு மாவிலை செருகி நின்றது. மேளம் அடித்தவர் மட்டும் விஷயம் புரியாமல் இரண்டு அடி கூடுதலாக அடித்துவிட்டு நிறுத்தினார்.

"நெறகொடத்த எடுத்து சூடத்த அணைக்கிறா. வெளங்குமா இது?" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார்.

அப்பா முகத்தைத் துடைத்தார். "ஏண்டா, நீ கட்டிட்டு வந்த லட்சணமா இது?"

சித்தி காலிக் குடத்தைக் கீழே வைத்தாள். அப்பாவைப் பார்க்காமல் சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "ஏங்க, ஜமுக்காளத்தத் தூக்கிப் பாருங்க. பலகையையும் தூக்குங்க."

சித்தப்பா தூக்கினார். குனிந்தவர் மெதுவாக நிமிர்ந்தார். மெக்கானிக் அல்லவா, அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.  அப்பாவின் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கண்மாய்க்குள் எறிந்தார். அதற்கப்புறம்தான் குரல் வந்தது.

"யாரு மூடியத் தெறந்தது?"

சித்தி திரும்பினாள். கூட்டத்தில் யாரையும் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தாள். என் சட்டையைப் பார்த்தாள். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"நான்தான். காலைல கோலம் போட வந்தப்ப, காத்துப் போகட்டும்னு திருகுனேன். சாஞ்சிருச்சு."

"ஒங்க அண்ணன் டேங்கு வந்தாத்தான் ஓட்டணும்னு வேணும்னே ஊத்தி விட்டியாக்கும்?" என்றார் சித்தப்பா. அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது. சித்தி இல்லை என்று சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் தண்ணீரில் ஒரு கொக்கு நின்றது. நான் அதை ரொம்ப மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்தது. கடலோரத்திலிருந்து வந்த மருமகள் புருஷன் தொழிலில் பெட்ரோலை ஊற்றிவிட்டாள் என்ற கதை, அன்று மாலைக்குள் சொந்தக்காரர்களோடு பஸ் ஏறி நாலு ஊருக்குப் போய்விட்டது. அவள் எத்தனை பேரைக் காப்பாற்றினாள் என்ற கதைக்கு எந்த பஸ்ஸிலும் இடம் கிடைக்கவில்லை.

ராத்திரி கடைசி பஸ்ஸில் சாக்கில் சுற்றிய டேங்க் வந்தது. சிவப்பு நிறம், தடித்த பிளாஸ்டிக், ஏறி நின்றாலும் நசுங்காது. நான் ஏறி நின்று பார்த்தேன். மூடியின் உச்சியில் ஒரு சின்னத் திருகு. டியூபின் நடுவில் அழுத்துவதற்கு ஒரு ரப்பர் பந்து. அடியில் நகராமல் கட்டி வைக்க வார். ஆனால் சித்தப்பா சித்தியோடு பேசுவதில்லை என்று முடிவு எடுத்திருந்தார். டேங்கைப் பற்றித் தெரிந்தவள் சித்தி மட்டும்தான். அதனால் வீட்டுக்குள் ஒரு தபால் ஆபீஸ் நடந்தது. சித்தி அம்மாவிடம் சொல்வாள், அம்மா அப்பாவிடம் சொல்வாள், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற சித்தப்பாவிடம் அப்பா சொல்வார். "டேங்கக் கரைல எறக்கி வச்சு ஊத்தணுமாம்டா." "கேட்டுச்சுண்ணே." "கொஞ்சம் எடம் விடணுமாம்." "அதுவும் கேட்டுச்சு." இத்தனை கைமாறியதில் கடைசிக் கடிதம் மட்டும் வழியில் தொலைந்துபோனது.

காணும் பொங்கலன்று சித்தப்பா எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அப்பா சூடம் காட்டினார், கரையில் பத்தடி தள்ளி நின்று. எஞ்சின் ஜம்மென்று பிடித்தது. படகு கண்மாயின் நடுவுக்குப் போனதும் இருமியது. இன்னொரு தரம் இருமியது. நின்றுவிட்டது. சித்தப்பா கயிற்றை இழுத்தார். பிளக்கைக் கழற்றி ஊதினார். மறுபடி இழுத்தார். படகில் இருந்த ஒரு அத்தை, கண்மாய்க்கு நடுவில் காபி கிடைக்குமா என்று கேட்டாள். கரையில் விசில் பறந்தது. "அண்ணே, எறங்கித் தள்ளுண்ணே!"

சித்தி கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அந்தத் தபால் கண்மாய் நடுவுக்குப் போய்ச் சேர வழியில்லை. சித்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கடற்கரையில் கத்துகிற குரலில் கத்தினாள்.

"ஏங்க! மூடில இருக்குற திருகத் தெறந்து விடுங்க! காத்து உள்ள போனாத்தான் பெட்ரோலு வெளிய வரும்!"

சித்தப்பா குனிந்து திருகைத் திறந்தார். டேங்க் பெருமூச்சு விட்ட சத்தம் கரை வரை கேட்டது என்று நான் இன்றும் சொல்வேன், யாரும் நம்ப வேண்டாம். ரப்பர் பந்தை நாலு அழுத்து அழுத்திவிட்டு ஒரே இழுப்பு. எஞ்சின் பிடித்தது. எட்டுப் பேரையும் இறக்கிவிட்ட பிறகு அவர் அடுத்த ஆட்களை ஏற்றவில்லை. "ஏ, வா. வந்து உக்காரு" என்றார். சித்தி ஈரச் சேலையோடு ஏறி உட்கார்ந்தாள். அந்தப் படகு எட்டுப் பேரோடு போனதை விட இரண்டு சுற்று அதிகமாகப் போனது. தண்ணீர் வற்றுகிற வரை மாசி முழுக்க அந்தச் சிவப்பு டேங்கைச் சித்தி கையால்தான் நிரப்பினார்கள். அந்தக் கேன் என்ன ஆனது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. சித்தப்பா அதை இரண்டாக வெட்டிப் போட்டிருந்தார்.

இவ்வளவு சொன்னவன், மாட்டுப் பொங்கல் சாயங்காலத்தை விட்டுவிட்டேன். மறந்துபோய் விடவில்லை.

அன்று வாசலில் செங்கல் அடுக்கி, விறகு வைத்து, பானை ஏற்றியிருந்தார்கள். யாரும் சித்தியோடு பேசவில்லை. நான் காலையில் போட்ட அதே சட்டையோடு, கையில் கரண்டியும் தட்டுமாக, பானை பொங்குகிற நேரத்தில் தட்டி ஊரைக் கூட்டுவதற்காக அடுப்பை நோக்கி ஓடினேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைக் கொத்தாகப் பிடித்தது. சித்தி. என்னை அப்படியே தூக்கிக்கொண்டு கொல்லைப்புறத்துக்கு ஓடினாள். சட்டையைக் கழற்றவில்லை, பிய்த்தாள். இரண்டு பொத்தான் தெறித்தது. சட்டையைச் சோப்புத் தண்ணீருக்குள் அமுக்கி, என் நெஞ்சிலும் கையிலும் தோல் எரிகிற அளவுக்குத் தேய்த்தாள். வாசலில் பானை பொங்குகிற சத்தமும் குலவையும் கேட்டது. நான் இல்லாமலே பொங்கிவிட்டது. நான் போட்ட கத்தலில் அம்மா ஓடி வந்தாள்.

"காலைல பண்ணுனது பத்தாதா? புள்ளையோட புதுச் சட்டையக் கூட விடமாட்டியா நீ?"

"சாணி பட்டுருச்சுக்கா, அதான்" என்றாள் சித்தி, தலையைத் தூக்காமல்.

"பொய் சொல்லுதும்மா! சாணியே இல்ல! இது பொய்யி சொல்லுது!" என்று நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறினேன். அம்மா சித்தியைப் பார்த்த பார்வையில் எனக்குப் பெரிய திருப்தி. அன்று என் பொருட்டுச் சித்தி இரண்டு பொய் சொன்னாள். அதில் ஒன்றை நான் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டேன். இன்னொன்றைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. தான் திருகியதாக அவளே சொல்லிவிட்டதால், எனக்கு முன்னாலேயே அவளும் திருகியிருப்பாள் என்று நான் நிஜமாகவே நம்பிவிட்டேன்.

கொடியில் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. சித்தி ஒரு கிண்ணத்தில் பொங்கல் கொண்டுவந்து நீட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தச் சட்டைக்காக அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்பாள் என்று ரொம்ப நாள் காத்திருந்தேன்.